ஆரோனை அருண் ஆக்க மறுத்த சலீம்

காமிக்ஸ் உறவுகளே, செய்தி வந்தபோது நான் சிதம்பரம் அலுவலகத்தில் ஒரு காமிக்ஸ் பக்கத்துக்கு வசனம் எழுதி, ராட்சதனை முழு மலையை விழுங்க வைத்துக்கொண்டிருந்தேன். கைபேசியில் சலீமின் தங்கை மகன். "மாமா... சலீம் மாமா மவுத்தாயிட்டாரு. சாயங்காலம் அடக்கம். வந்துடுங்க." மலை பாதி வாயிலேயே நின்றுவிட்டது.

நீங்கள் படித்த சாகச வீரர்கள் எங்கே பிறந்திருந்தாலும், தமிழ் பேசியது கடலூர் முதுநகர் சலீமின் வாயால்தான். அவன் மொழிபெயர்த்த வில்லன் சிரித்தால் பண்ருட்டிச் சந்தையில் பலாக்காய் தானாகப் பழுக்கும். மறுப்பவர்கள் என்னோடு மல்யுத்தத்துக்கு வரலாம். தெரியாத விஷயத்தை நாலு பேரிடம் விசாரிக்காமல் ஒரு வரி எழுதமாட்டான்.

வெளிநாட்டு நாயகனுக்கு நம்மூர்ப் பெயர் சூட்டுவது எங்கள் தொழிலில் பழக்கம். சலீமே எத்தனையோ பேருக்குச் சூட்டியவன். அப்போதுதான் ஆரோன் என்றொரு நாயகன் வந்தான். பறப்பான், ரயிலைத் தூக்குவான், யூதன். வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம் யூதர்களின் ஓய்வுநாளை வரவேற்க அவன் அம்மா மெழுகுவத்தி ஏற்றிக் கண்களை மூடிக்கொள்வாள். அவன் முகமூடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நிற்பான்.

எங்கள் பதிப்பாளர் துள்ளினார். "வெள்ளிக்கிழம வெளக்கு! நம்ம வீட்டு வழக்கம்தானே? அருண்னு மாத்திடு சலீம். அம்மா பேரு லட்சுமி. மெழுகுவத்திய குத்துவெளக்கா வரஞ்சிக்கலாம்."

"முடியாது சார்."

நான் சும்மா இருப்பேனா? "யோவ் பாய், யூதனுக்கு நீ வக்கீலா? உலக அதிசயத்துல இதையும் சேத்துக்கணும்யா!"

சலீம் சிரிக்கவில்லை. "மச்சான், ரயிலத் தூக்குறவனுக்கே தன் வீட்டுப் பேர வச்சிக்க முடியலன்னா, என்னய மாதிரி ஆளு எங்க போறது? பக்கத்து வீட்டு வெளக்க பக்கத்து வீட்டுதுன்னு சொன்னா வெளிச்சம் கொறஞ்சிடுமா?"

பக்கங்களை மேசையில் வைத்துவிட்டுக் கடலூர் பஸ் ஏறிவிட்டான். வேறு பிழைப்பு கிடையாது அவனுக்கு. பதிப்பாளர் இன்னொருவரை எழுதவைத்துப் பார்த்தார். அவருடைய வில்லன் சிரித்தால் ஆஸ்துமா போலிருந்தது. கடைசியில் அவரே முதுநகர் போய் நின்றார். "வாய்யா, ஆரோனே இருக்கட்டும். புக்கு விக்கலன்னா?"

"ஆரோன அனுப்புறேன் சார். மீந்த புக்குக் கட்டெல்லாம் தூக்கிட்டுப் போவான்."

புத்தகம் வந்தபின் பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி சலீமிடம் போனில் பேசினாள். "சார், அந்த ஹீரோ கடைசி வரைக்கும் அவுங்க வீட்டுப் புள்ளையாவே பறக்குறாரு சார்." அன்று முழுக்க அந்த வரியையே சலீம் டீக்கடைக்காரர் வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அவனைப் பொறுத்தவரை அது கின்னஸ் சாதனை.

அடக்கத்தன்று பதிப்பாளர் தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். என் கைப்பிடி மண்ணும் சலீம் மேல் விழுந்தது. திரும்பும்போது பேருந்தில் அவர் சொன்னது ஒன்றுதான்: "ரெண்டாம் பாகத்த நீ முடிச்சிடுய்யா."

பாதியில் விட்டுப்போயிருக்கிறான். அதில் ஆரோனின் அம்மா இறந்துவிடுகிறாள். கல்லறை முன் நிற்கிறான் ஆரோன். வசனத்துக்கான பலூன் காலியாக இருக்கிறது; மூலத்தில் அங்கே எனக்குப் புரியாத ஒரு எபிரேய வரி. நம்மூர்த் துக்க வசனம் ஒன்று உடனே நாக்குக்கு வந்தது. எழுதவில்லை. ஆரோன் வீட்டில் துக்கத்துக்கு என்ன சொல்வார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அண்டசராசரமும் அறிந்தவன் என்று அலட்டிக்கொள்ளும் எனக்கு, சலீமிடமிருந்து மிஞ்சியது இப்படி விசாரிக்கும் பழக்கம் ஒன்றுதான்.