டயரில் தடவிய எண்ணெய்

1. எண்பதுகளின் நடுவில் ஓர் ஆயுத பூசையன்று, அண்ணன் தான் வேலை பார்த்த கோலா சிலாங்கூர் பட்டறை முதலாளியின் பந்தய மோட்டார் சைக்கிளை எங்கள் தோட்டத்து லய வீட்டுக்கு ஓட்டி வந்தார்.
2. அம்மா அதற்குச் சந்தனம் வைத்து, டயர்களையும் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பளபளக்கத் துடைத்தார்.
3. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
4. எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் புறப்பட்ட அண்ணன், செம்பனைத் தோட்டத்தின் முதல் வளைவில் சறுக்கி விழுந்து இறந்தார்.

பந்தயத்துக்கென்றே சில நூறு மட்டும் செய்த வண்டி அது. அதன் சட்டகம் அலுமினியம். கிளட்ச் எண்ணெயில் ஊறாத வகை என்பதால், எஞ்சின் ஓடியபடி நிற்கும்போதும் டப்பாவில் ஆணிகளைக் குலுக்குவதுபோல் சத்தமிடும்.

"என்னடா, புதுசுன்ன, ஓட்டை வண்டியாட்டம் கத்துது?" என்றார் அம்மா.

"பந்தய வண்டி அப்படித்தான் லா. நீ பொட்டு வைம்மா" என்று அண்ணன் சிரித்தார்.

அப்போது நான் தொழிற்கல்லூரியில் இயந்திரவியல் படித்துக்கொண்டிருந்தேன். பந்தய டயரின் மென்மையான ரப்பரில் எண்ணெய் பட்டால் பிடி போய்விடும் என்று தெரியும். பூசை வேளையில் 'வேண்டாம்' என்பது அபசகுனம் என அம்மா கோபிப்பார். வாயை மூடிக்கொண்டேன்.

இப்போதும் சில காலைகளில், வாசலில் வண்டி எதுவும் இல்லாதபோதும் அந்தக் கிளட்ச் சத்தம் எனக்குக் கேட்கிறது.

அண்ணனைக் கண்ணூறு கொண்டுபோய்விட்டது என்று அம்மா நம்புகிறார். எண்ணெயைப் பற்றி அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.