ஹிமானி திதிமணி போட்ட பூஜ்ஜியம்

பராநகரில் எங்கள் சந்தில் ஹிமானி சோமைத் தெரியாதவர் கிடையாது. அவரைப் பார்க்கவென்று அந்த வீட்டுக்குப் போனவர்தான் கிடையாது. புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் குடும்பத்தோடு இருந்தார்.

துர்க்கையைக் கரைத்த பிறகு காளி பூஜை வரை விஜயா நாட்கள். சின்னவர்கள் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்கள் காலைத் தொடுவார்கள். தேங்காய் உருண்டையும், மைதாவில் பொரித்த உப்புத் தீனியான நிம்கியும் கிடைக்கும். சோம் வீட்டிலும் கூட்டம் நெரியும். வந்தவர்கள் அண்ணன், அண்ணி காலைத் தொட்டுவிட்டுத் தின்று கிளம்புவார்கள். ஹிமானி அடுப்படியில் நிம்கி பொரித்துக்கொண்டிருப்பார். போன கோடையில் அண்ணனும் அண்ணியும் மகனோடு இருக்கப் புனேவுக்குப் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம்தான் ஹிமானி எங்கள் சந்துக் கிளப்பின் கேரம் அறையை ஞாயிறு மத்தியானத்துக்குக் கேட்டு வாங்கினார். "பேப்பர்ல சராசரி சராசரின்னு போடுறாங்களே, அது என்னன்னு சொல்லித் தரேன்" என்றார். தையல்காரி ஷெஃபாலி, மீன் விற்கும் பலாய், டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா ஓட்டும் பிஸ்வா, ஓய்வுபெற்ற குமாஸ்தா அனாதி பாபு என்று நாலு பேர் சேர்ந்தார்கள். டீச்சரம்மா என்கிற அர்த்தத்தில் அவரைத் திதிமணி என்று கூப்பிட்டார்கள். வாரத்தில் அவர் வாய்விட்டுப் பேசியது அந்த ஒரு மத்தியானம்தான்.

விஜயா நாட்களுக்கு நடுவே, லட்சுமி பூஜை முடிந்த ஞாயிறு. விஜயாவுக்கு யார் வீட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டு ஹிமானி பலகையில் எழுதினார். பலாய் இருபத்திரண்டு, அனாதி பாபு பதினான்கு, ஷெஃபாலி ஒன்பது, பிஸ்வா ஐந்து.

"இருபத்திரண்டா? மீன் எடையை ஏத்திவிடற மாதிரி எண்ணிக்கையையும் ஏத்திவிடாதடா பலாய்!" என்றார் அனாதி பாபு.

"உங்க வீட்டு உருண்டைல தேங்காயே இல்லையாம் அனாதி காக்கு. இல்லேன்னா உங்களுக்கும் வந்திருப்பாங்க."

சிரிப்பு அடங்குவதற்குள் ஹிமானி தன் பெயரை எழுதி, எதிரே ஒரு பூஜ்ஜியம் போட்டார். "ஷெஃபாலி, சராசரி போடு."

ஷெஃபாலி கூட்டினாள். ஐம்பது. நாலால் வகுத்தாள். "பன்னிரண்டரை, திதிமணி."

"எத்தனை வீடு?"

"நாலு."

"பலகையில அஞ்சு பேர் இருக்கே."

"உங்களோடது அப்புறமா எழுதிக்கலாம்னு சும்மா வட்டம் போட்டு வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."

பலாய் அவளுக்குத் துணைக்கு வந்தான். "சரியாத்தான் போட்டிருக்கா. விஜயாவுக்கு ஒருத்தர்கூட வராத வீடு எங்க இருக்கு?"

ஹிமானி அதோடு விட்டிருக்கலாம். பன்னிரண்டரை என்று அழகாகவே இருந்தது. யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவர் சாக்பீஸை விரல்களில் உருட்டினார்.

"கேக்காம விட்ட வீடு வேற, கேட்டு ஒண்ணுமில்லன்னு சொன்ன வீடு வேற," என்றார். "கேக்காததை விட்டுடலாம். இதை விடக் கூடாது. எங்க வீட்டுக்கு யாரும் வரல. அஞ்சால வகு."

ஷெஃபாலி வகுத்தாள். பத்து. யாரும் பலகையைப் பார்க்கவில்லை. அனாதி பாபு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அண்ணன்தான் ஊரில் இல்லையே என்று ஒவ்வொருவரும் அந்த வாசலைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

"காளி பூஜைக்கு இன்னும் நாள் இருக்கே," என்றான் பலாய். "சாயங்காலம் நாங்க எல்லாருமா வந்துடறோம் திதிமணி."

அவருக்கு முகம் சிவந்தது. "விடை தெரிஞ்சப்புறம் போய் எண்ணைத் திருத்துறதா? இவ்வளவு நாள் இதைத்தான் படிச்சீங்களா? யாரும் வர வேண்டாம்."

கண்டிப்பான குரல். அதை மீறி அவர்களுக்குப் பழக்கமில்லை.

அன்று சாயங்காலம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த ஷெஃபாலிக்கு எதிரே ஹிமானியின் வீட்டிலிருந்து கருஞ்சீரகம் போட்ட நிம்கி பொரியும் வாசனை வந்தது. பாதி தைத்த ரவிக்கையோடு எழுந்து நின்றாள். வர வேண்டாம் என்று சொன்னாரே என்று மறுபடி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் வாசனை நின்றது. அப்புறம் எதிர்வீட்டுத் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.