மருமகனின் மணியும் மாமியின் ஆறாவது நோன்பும்

கல்முனை பஸாரில் கைபேசி திருத்துகிற றிம்சானிடம் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் உயிர் வந்துவிடும். கிணற்றில் விழுந்தது, மீன் ஆணச் சட்டிக்குள் விழுந்தது, கோபத்தில் சுவரில் எறிந்தது எல்லாமே அவன் கைபட்டால் பேசும். அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. ஆனால் நன்றாக வேலை செய்கிற பொருளைக் கண்டால்தான் ஆளுக்குக் கை அரிக்கும். அவன் ஒருமுறை "இன்னும் நல்லாக்கிய" மின்விசிறி இன்றைக்கும் ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. நிறுத்தவேண்டுமென்றால் மெயின் சுவிட்சை அணைக்கவேண்டும்.

பிறந்த ஊர் பாலமுனை. அந்தப் பக்கத்து வழக்கப்படி, கலியாணம் முடித்ததும் பெண்வீட்டுக்கு, மருதமுனைக்கு, வந்து சேர்ந்துவிட்டான். வந்து பதினொரு வருடம். இந்தப் பதினொரு வருடத்தில் மாமியார் சல்மா உம்மா அவனோடு நேரே ஒரு சொல் கதைத்ததில்லை. சண்டை என்று நினைத்துவிடாதீர்கள், மரியாதை! மாமி திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், மருமகன் இந்தப் பக்கம், நடுவில் மனைவி ஹிமாயா.

"மகள், மருமகனுக்கு இன்னொரு மீன் வைக்கட்டா எண்டு கேளு."

"காணும், வயிறு நெறஞ்சிட்டு எண்டு செல்லு."

ஹிமாயா வாயே திறக்கமாட்டாள். இரண்டு பேருக்கும் காது இருக்கிறது, தனக்கென்ன வந்தது என்று சோறு பிசைந்துகொண்டிருப்பாள்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு போர்ட் தபாலில் வந்து இறங்கியது. அது ஒரு முழுக் கணினி என்று றிம்சான் சொன்னபோது ஹிமாயா நம்பவில்லை. ஐந்து நேரத் தொழுகைக்கும் தானாகவே மணியடிக்க வைக்கப்போகிறானாம். அதற்கொரு மாதிரி நிரலை யாரோ இணையத்தில் போட்டிருந்தார்கள். ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தால் சூரியக் கணக்குப் பார்த்து நேரத்தைத் தந்துவிடும். மாதிரியில் இருந்த வெளிநாட்டு ஊரை அழித்துவிட்டு மருதமுனையைப் போட்டான். நேர வலயம் கேட்டது, ஐந்தரை என்று கொடுத்தான். நிரல் ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடியது. முனகாத நிரல் சரியான நிரல் என்று நினைத்தான் பாருங்கள், அங்கேதான் பயல் சறுக்கினான்.

ஷவ்வால் இருபத்தொன்பதாம் நாள், பின்னேர அஸர் தொழுத கையோடு அதைக் கூடத்தில் மாட்டினான். மாட்ட ஆணி வேண்டுமே? சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அலுமாரிக்கு மேல் படுக்கவைத்துவிட்டு, அந்த ஆணியிலேயே போர்டைத் தொங்கவிட்டுக் கடைக்குப் போய்விட்டான்.

அன்றைக்கு மாமிக்கு நோன்பு. றமழான் முடிந்தபின் ஷவ்வால் மாதத்துக்குள் பிடிக்கிற ஆறு நோன்பில் கடைசி நோன்பு. இளைய மருமகளின் பிள்ளைப்பேற்றுக்காக ஒலுவிலில் போய் நின்றதில் நாள்கள் ஓடிவிட்டன. இரவைக்குப் பிறை கண்டால் மாதம் முடிந்தது. இந்த நோன்பு தவறினால் இந்த வருடத்துக்கு ஆறு இல்லை, ஐந்துதான்.

பின்னேரம் வானம் இருண்டு, இடியும் மழையும் கொட்டத் தொடங்கியது. குசினித் தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கதைப்பதே கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கூடத்து மணி, மஃரிப் என்கிற அந்தித் தொழுகைக்கு, கணீரென்று அடித்தது.

"பள்ளிப் பாங்கு கேக்கல்லியே உம்மா?" என்றாள் ஹிமாயா.

"இந்த மழைக்குள்ள பாங்கு எங்க மகள் கேக்கும்? மருமகன் செஞ்ச சாமான் பிழைக்குமா?"

மாமி நோன்பு திறக்கிற துஆ ஓதினாள். பேரீச்சம்பழம் கடித்தாள், ஒரு கோப்பை கஞ்சி குடித்தாள், ஒரு பெட்டிஸும் தின்றாள், மஃரிபும் தொழுது முடித்தாள். தஸ்பீஹ் மாலை கையில் உருண்டுகொண்டிருக்கும்போது மழை விட்டது. அப்போதுதான் பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள்.

ஹிமாயா அறைக்குள் ஓடி, சார்ஜில் கிடந்த ஃபோனைப் பார்த்தாள். ஆறு பன்னிரண்டு.

அதிலேயே கடைக்கு அழைப்பெடுத்தாள். "இஞ்சப்பா, கெதியா ஊட்ட வாங்க. உம்மாட நோன்ப உங்கட மணி முறிச்சிப் போட்டுது!"

றிம்சான் நனைந்தபடி வந்து கூடத்தில் நின்றான். திரைச்சீலைக்குப் பின்னால் மாமியின் குரல் கேட்டது.

"மகள், மருமகன்ட்டக் கேளு. உன்ட வாப்பா மௌத்தாகி அடக்கின வருசத்திலயும் நான் உடாத ஆறு நோன்பு. இண்டைக்குப் பிறை கண்டா, என்ட ஆறாவத நான் எங்க போய்ப் புடிக்கிற?"

ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். அந்தக் குரலில் அழுகை இருந்தது.

போர்டைக் கழற்றி மடிக்கணினியில் கொழுவிக்கொண்டு இருந்தான். முதலில் போர்டின் கடிகாரத்தைச் சந்தேகித்தான். அது ஒரு நொடிகூடப் பிசகவில்லை. ஊரைப் பிழையாகப் போட்டுவிட்டேனோ என்று பார்த்தான். அதுவும் சரி. பிறகு ஐந்து தொழுகை நேரங்களையும் பள்ளிவாசல் அட்டவணையோடு ஒப்பிட்டான். ஐந்துமே சொல்லிவைத்தாற்போல அரை மணி நேரம் முந்தியிருந்தன. அந்த அரை எங்கே போனது? நிரலுக்குள் போகிற ஒவ்வொரு எண்ணையும் திரையில் எழுதிக்காட்டச் சொன்னான். நேர வலயத்துக்கு இவன் ஐந்தரை கொடுத்திருக்க, அது ஐந்து என்று காட்டியது.

மாதிரியை எழுதிய மனுசன், அந்த இடத்தில் முழு எண் மட்டுமே பிடிக்கும்படி எழுதிவைத்திருந்தான். அவனுடைய நாட்டுக்கு அது போதும். அரையோடு நேரம் வைத்திருக்கிற நாடுகளும் உண்டு என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நிரல் ஐந்தை எடுத்துக்கொண்டு அரையைச் சத்தமில்லாமல் வீசிவிட்டிருந்தது. றிம்சான் ஒரேயொரு சொல்லை மாற்றினான். மஃரிப், ஆறு பன்னிரண்டு என்று வந்தது.

"கண்டுபுடிச்சிட்டன்! எழுதினவன்ட பிழை!"

"எழுதினவனா எங்கட சுவர்ல மாட்டின?" என்றாள் ஹிமாயா.

றிம்சான் முற்றத்துக்குப் போனான். அண்ணாந்து பார்த்தான். வானம் முழுக்க முகில். பிறை தெரியவேண்டுமென்று சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை அண்ணாந்து நின்றவன், இன்றைக்கு மட்டும் நாட்டில் ஒருவர் கண்ணிலும் அது பட்டுவிடக்கூடாதே என்று கையேந்தினான். கொஞ்சநேரத்தில் ஃபோனுக்குச் செய்தி வந்தது. எங்கும் பிறை தென்படவில்லை. ஷவ்வால் முப்பதாகப் பூர்த்தி.

"உம்மா, நாளைக்கும் ஷவ்வால்தான்!" என்று ஹிமாயா கூவினாள்.

திரைச்சீலைக்குப் பின்னால் நீளமாக ஒரு "அல்ஹம்துலில்லாஹ்" கேட்டது. அதைத் தொடர்ந்து தீர்ப்பும் வந்தது.

"மருமகனுக்குச் செல்லு மகள், நாளைக்கு நானும் நோன்பு, அவரும் நோன்பு. அந்தச் சாமானும் அதே ஆணியிலதான் தொங்கணும்."

"அது இப்ப சரியாயிட்டு எண்டு செல்லு."

"சரியெண்டா அவருக்கு என்ன பயம் எண்டு கேளு!"

ஆறு நோன்பு பிடித்துப் பழக்கமில்லாத மனிதன், விடியுமுன் ஸஹர்ச் சோற்றுக்கு எழும்பினான். பகலில் பக்கத்துக் கடையில் வடை பொரிக்கிற வாசத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தான். பின்னேரம், நேற்றுப் பிழையாய் அடித்த நேரம் போய் ஐந்தே முக்கால் தாண்டும்வரை போர்டுக்குக் கீழேயே நின்றான். அது வாய் திறக்கவில்லை. அப்பாடா என்று போய்ப் பாயில் இருந்தான்.

ஆறு பன்னிரண்டுக்கு மணி அடித்தது.

பேரீச்சம்பழம் வாய்வரை போய் நின்றுவிட்டது. அவனே கட்டி, அவனே திருத்தி, எட்டுத் தரம் பரிசோதித்த மணிதான். ஆனாலும் காது பள்ளிவாசல் பக்கம் போய்விட்டது. பாங்கு இன்னும் சொல்லவில்லை. அந்த அமைதிக்குள், திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு பழக்கொட்டை பீங்கானில் விழுந்த சத்தம் கேட்டது.

"மாமி! பாங்கு சொல்லல்ல இன்னும்!" பதறிப்போய் நேராகவே கத்திவிட்டான்.

ஹிமாயா வாயைப் பொத்திக்கொண்டாள். திரைச்சீலை விலகியது. மாமி அவன் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"நீங்களே நம்பாத சாமானயா மகன் எனக்கு மாட்டித் தந்தீங்க?"

அந்தக் கணமே பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. றிம்சான் கையிலிருந்த பழத்தை வாயில் போட்டுக்கொண்டான்.