பதினேழாவது தொலைபேசி எண்

யோகநாதன் யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக்காரர். கொழும்பில் ஒரு கூட்டுத்தாபனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தும் அவருடைய பெயர் அவர் இருந்த மாடியைத் தாண்டிப் போனதில்லை. 1979இல் துபாய்க்கு வந்து, தேரா பகுதியில் ஒரு வங்கியின் மெயின்பிரேம் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தார். ஒரு கூடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும் இயந்திரம் அது. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

1982இல் அந்த இயந்திரம் ஒருமுறை மூன்று நாள் படுத்துக்கொண்டது. யோகநாதன் தலையைப் பிய்த்துக்கொண்டு கடைசியில் கோளாறைக் கண்டுபிடித்தார். அடுத்த வாரம் ஷார்ஜாவில் ஒரு பாகிஸ்தான்காரரோடு தற்செயலாகப் பேசியபோதுதான் தெரிந்தது, அதே கோளாறை அந்த மனுஷன் ஒரு மாதத்துக்கு முன்பே சரிசெய்திருந்தார். இரண்டு பேரும் அரை மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு ஒரே விஷயத்தோடு தனித்தனியாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

அந்த எரிச்சலில் பிறந்ததுதான் யூசர் குரூப், ஒரே வகை இயந்திரத்தை வைத்திருப்பவர்கள் கூடித் தங்கள் சிக்கல்களைப் பகிர்ந்துகொள்ளும் குழு. முதல் கூட்டத்துக்கு ஆறு பேர் வந்தார்கள். வங்கியின் பயிற்சி அறையில், மாதம் ஒரு வியாழக்கிழமை அரை நாள் டூட்டி முடிந்த பிறகு கூடினார்கள். மூன்றே வருடத்தில், அவருடைய வங்கி போக, பதினாறு நிறுவனங்கள் சேர்ந்துவிட்டன. மலையாளிகள், எகிப்தியர்கள், வெள்ளைக்காரர்கள், பிலிப்பினோக்கள் என்று நாற்பது பேர் வருவார்கள். அபுதாபியிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு. பஹ்ரைனிலிருந்தும் தோஹாவிலிருந்தும் கடிதம் வரும். மாதம் ஒருமுறை இரண்டு பக்கச் செய்தித்தாள் ஒன்றையும் யோகநாதன் போட்டார். அவர் எழுதுவார், மனைவி குமுதினி தட்டச்சு செய்வாள். மேலே தடித்த எழுத்தில் அவர் பெயர் இருக்கும். வேறு நிறுவனங்களுக்கு அவர் போனால், “மிஸ்டர் யோகா வந்திருக்கிறார்” என்று ஆட்கள் எழுந்து நிற்பார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

1985 கடைசியில் பதினேழாவதாகக் கலீல் ரஹ்மான் வந்து சேர்ந்தான். காயல்பட்டினத்துப் பையன், வயது இருபத்தெட்டு. துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைக் கையாளும் ஒரு கம்பெனியின் இயந்திரம் அவன் பொறுப்பில் இருந்தது. முதல் கூட்டத்தில் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்தான். தேநீர் இடைவேளையில், இரண்டு வாரமாகத் தன்னைப் படுத்தும் ஒரு கோளாறைப் பற்றி எகிப்தியர் ஒருவர் யோகநாதனிடம் புலம்பிக்கொண்டிருந்தார். இயந்திரம் விழும்போது தன் நினைவில் இருந்ததையெல்லாம் அச்சடித்துத் தள்ளிவிடும். அதற்கு டம்ப் என்று பெயர். அந்தக் காகிதக் கட்டை அவர் கையோடு கொண்டுவந்திருந்தார், தலையணை உயரம் இருந்தது.

“விட்டுவிட்டுப் போங்கள், நான் ரெண்டு நாளில் பார்த்துச் சொல்கிறேன்” என்றார் யோகநாதன்.

“அண்ணே, நான் ஒரு தடவ பார்க்கட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே கலீல் அந்தக் கட்டைத் தரையில் விரித்துவிட்டான். கம்பளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஆட்கள் பேப்பர் படிக்கிற மாதிரி பக்கங்களைத் தள்ளினான். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. தேநீர் ஆறுவதற்குள், “இதோ, இந்த இடந்தான்” என்று விரலை வைத்தான். எகிப்தியர் குனிந்து பார்த்துவிட்டு அவனைத் தூக்கி நிறுத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் கைதட்டினார்கள். யோகநாதனும் தட்டினார். அவர்தான் முதலில் நிறுத்தினார்.

அன்றிலிருந்து எல்லாம் மாறிற்று. முன்பெல்லாம் சிக்கல் என்றால் வங்கிக்கு ஃபோன் வரும். இப்போது துறைமுகத்துக்குப் போயிற்று. “கலீலிடம் கேட்டோம், சொல்லிவிட்டான்” என்று கூட்டத்தில் சாதாரணமாகச் சொன்னார்கள். செய்தித்தாளுக்குக் கலீல் இரண்டு பக்கக் கட்டுரை அனுப்பினான். யோகநாதன் அதை ஒன்பது வரியாக வெட்டிவிட்டு, இடமில்லை என்றார். அவன் பேச்சைக் கூட்டத்தின் கடைசியில் போட்டார், அதற்குள் பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள் என்ற கணக்கில். ஒருவர்கூடக் கிளம்பவில்லை. வெட்டியதற்கோ தள்ளிப்போட்டதற்கோ கலீல் முகம் சுளிக்கவுமில்லை. “பரவாயில்லண்ணே” என்பான். அந்தப் “பரவாயில்ல”தான் யோகநாதனுக்கு இன்னும் எரிந்தது.

ஒருநாள் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த குமுதினி, “அந்தப் பெடியன் நல்ல கெட்டிக்காரன் என்னப்பா? உங்களுக்குப் பெரிய உதவிதானே” என்றாள்.

“ஓம், ஓம். எல்லாரும் அதைத்தான் சொல்லினம்” என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார்.

1986 ஆகஸ்டில் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. இயந்திரங்களில் இருக்கும் சிறு பிழைகளைத் திருத்துவதற்கென்று சில மாதங்களுக்கு ஒருமுறை இயந்திரத்தைத் தயாரித்த கம்பெனியிலிருந்து எல்லா நிறுவனங்களுக்கும் டேப் வரும். யோகநாதன் எதையும் நேராகப் போடமாட்டார். தனியாக ஒதுக்கிய ஒரு டிஸ்க்கில் போட்டு ஆட்டிப் பார்ப்பார். அன்றும் அப்படித்தான் பார்த்தார். டிஸ்க்கில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அட்டவணையை அந்தத் திருத்தம் மெல்ல அழித்துக்கொண்டிருந்தது. அட்டவணை போய்விட்டால் கோப்புகள் உள்ளே இருந்தும் பயனில்லை. கதவு எண்ணே இல்லாத ஊரில் வீடு தேடுகிற கதைதான்.

இதற்குக் குழுவில் ஒரு விதி இருந்தது, அவரே எழுதிய விதி. கெட்ட டேப் என்று தெரிந்த அன்றைக்கே தலைவர் எல்லா நிறுவனங்களுக்கும் தானே ஃபோன் செய்ய வேண்டும். மாலையில் வீட்டுக்கு வந்து, குமுதினி தட்டச்சு செய்த பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சுழற்றினார். ஒவ்வொருவரும் நன்றி சொன்னார்கள். ஷார்ஜாவிலிருந்த அந்தப் பாகிஸ்தான்காரர், “நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் என்ன செய்வோம்” என்றார். பதினாறு பெயருக்கு நேரே கோடு விழுந்தது.

பதினேழாவது, கடைசியாகச் சேர்ந்தவன். யோகநாதன் ஐந்து இலக்கங்களைச் சுழற்றினார். ஆறாவதில் விரல் நின்றது.

அவ்வளவு கெட்டிக்காரன்தானே, தானே கண்டுபிடிக்கட்டும் என்று தோன்றியது. ஒருமுறை அவன் இயந்திரமும் விழட்டும். ஒருமுறை அவனும் என்னிடம் கேட்டு வரட்டும். அவர் ரிசீவரை வைத்துவிட்டார்.

“எல்லாருக்கும் சொல்லிப்போட்டீங்களோ? கலீலுக்கும் கோல் எடுத்தனீங்களோ?” என்று குமுதினி சமையலறையிலிருந்து கேட்டாள்.

“ஓம், எடுத்தனான்.”

புதன் போயிற்று. வியாழனும் போயிற்று. இரண்டு நாளும் அவர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எடுத்துச் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றும். இப்போது சொன்னால் ஏன் இரண்டு நாள் தாமதம் என்று கேட்பானே என்று அடுத்த நிமிடம் தோன்றும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஃபோன் அடித்தது. கலீல்.

“அண்ணே, லீவு நாள்ல தொந்தரவு பண்றேன். நேத்து மத்தியானம் புது டேப்பப் போட்டேன். காலையில மிஷின் படுத்திடுச்சு. யார்டுல எந்தப் பெட்டி எங்க நிக்குதுன்னு ஒண்ணும் தெரியல. கொஞ்சம் வர முடியுமா?”

யோகநாதன் காத்திருந்த வார்த்தைகள்தான் அவை. ஆனால் சந்தோஷம் வரவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு காரை எடுத்தார்.

துறைமுக வாசலில் லாரிகள் ரவுண்டானா வரைக்கும் நின்றன. உள்ளே அவர் எதிர்பார்க்காத ஒன்றைக் கண்டார். அடுக்கடுக்காக நின்ற நாலாயிரம் இரும்புப் பெட்டிகளுக்கு நடுவில், நாற்பத்தைந்து டிகிரி வெயிலில், ஆட்கள் அட்டையும் பென்சிலுமாக நடந்துகொண்டிருந்தார்கள். போன வாரத்துப் பட்டியலின் நகல் பழசாகிவிட்டதால் ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் கண்ணால் பார்த்து எழுதச் சொல்லி, தொழிலாளர் கேம்ப்பில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். வாரத்தில் அவர்களுக்கு இருந்த ஒரே லீவு நாள் அது.

அவர் கணினிக் கூடத்தை எட்டுவதற்குள் பெட்டிகள் நின்ற யார்டில் ஒரு கூச்சல் கேட்டது. மேலடுக்கில் இருந்த எண்ணைப் பார்க்க ஏறிய ஒருவன் ஏணி சரிந்து கீழே விழுந்திருந்தான். சிவகங்கைப் பக்கத்து ஆள், உடையப்பன் என்று பெயர். வலது கணுக்கால் கோணிக்கொண்டு நின்றது. கலீல் ஓடிவந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“அண்ணே, நான் மிஷின விட்டு நகர முடியாது. இவர உங்க கார்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறீங்களா?”

பின் இருக்கையில் உடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தான். வழியெல்லாம் வலியை மறக்கப் பேசிக்கொண்டே வந்தான்.

“மிஷின்ல என்னமோ தப்பான டேப்ப போட்டுட்டாங்களாம் சார். கலீல் சார் காலையில பஸ்கிட்டயே வந்து நின்னு, ‘என் தப்புதான், மன்னிச்சுக்குங்க’ன்னு எங்க எல்லார்கிட்டயும் சொன்னாரு. ஆபீஸ்காரங்க யாரு சார் எங்ககிட்ட அப்படிச் சொல்லுவாங்க?”

யோகநாதன் சாலையைப் பார்த்து ஓட்டினார். அந்த நேரத்திலும், கால் உடைந்தவன் வாயிலும் கலீலின் புகழ்தானா என்று மனதுக்குள் ஒன்று முணுமுணுத்தது. அது தன்னுடைய குரல் என்று தெரிந்ததும், பின் இருக்கையைக் காட்டும் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட ஏற்பாடு செய்துவிட்டு அவர் திரும்பியபோது மணி இரண்டு. கலீல் டம்ப்பைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு, அட்டவணைதான் அழிந்திருக்கிறது என்பதுவரை தானே கண்டுபிடித்திருந்தான். அதைத் திரும்ப எப்படிக் கட்டுவது என்பதில்தான் மாட்டிக்கொண்டு நின்றான்.

யோகநாதன் ஒரு தாளை எடுத்து வரைந்து காட்டினார். கோப்புகளின் தொடக்கத்தில் இருக்கும் அடையாளங்களை டிஸ்க்கின் முதலிலிருந்து கடைசிவரை தேடி எடுத்தால் அட்டவணையை மறுபடி எழுதிவிடலாம். அதற்கு வங்கியில் அவர் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தார், டேப் காரிலேயே இருந்தது.

கலீல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். “அண்ணே, இது எனக்குத் தோணவே இல்ல. எப்படி இவ்வளவு சீக்கிரம் எழுதினீங்க?”

எட்டு மாதமாக அவர் கேட்க ஏங்கிய பாராட்டு அது. யோகநாதனுக்கு அதை விழுங்க முடியவில்லை.

“இண்டைக்கு எழுதேல்ல, தம்பி. செவ்வாய்க்கிழமை எழுதினது. அண்டைக்கே எனக்கு இந்த டேப் கூடாதெண்டு தெரியும். பதினாறு பேருக்குச் சொன்னனான். உங்களுக்குச் சொல்லேல்ல.”

கலீல் தாளைக் கீழே வைத்தான்.

“மறந்துட்டீங்களா?”

“இல்ல. பாதி நம்பர் சுழட்டிப்போட்டு வச்சனான்.”

“ஏண்ணே?”

“உங்களைப் பார்த்து எனக்குப் பொறாமை.”

கலீல் தரையில் கிடந்த டம்ப்பை மடித்து ஓரமாக வைத்தான். பிறகு கையை நீட்டினான். “டேப்பக் குடுங்க. முதல்ல வேலைய முடிப்போம்.” அதற்குப் பிறகு வேலைக்குத் தேவையான வார்த்தை தவிர வேறெதுவும் அவன் பேசவில்லை. மாலை மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் பெட்டிகளின் பட்டியல் திரையில் வந்தது. யார்டில் இருந்தவர்களைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். யோகநாதன் கிளம்பும்போது கலீல் முதுகைக் காட்டியபடியே சொன்னான்: “என்கிட்டச் சொன்னது போதாதுண்ணே. கால் உடைஞ்சது எனக்கில்ல.”

வீட்டில் குமுதினியிடம் சொன்னபோது அவள் அழவில்லை, சத்தம் போடவுமில்லை. “இஞ்சேருங்கோ, என்னட்டையும் எல்லோ பொய் சொன்னனீங்கள்” என்றாள். அந்த மாதச் செய்தித்தாளை அவள் தட்டச்சு செய்யவில்லை.

மறு வெள்ளிக்கிழமை அவர் கேம்ப்புக்குப் போனார். எட்டுப் பேர் இருக்கும் ரூமில் கீழ்க்கட்டிலில் உடையப்பன் காலை நீட்டிப் படுத்திருந்தான். அவர் எல்லாவற்றையும் சொன்னார். யூசர் குரூப் என்றால் என்னவென்று அவனுக்குப் புரியவில்லை, இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது. கடைசியில் அவன் கேட்டது ஒன்றுதான்.

“ஒரு ஃபோனுதானே சார்?”

“ஓம். ஒரு ஃபோன்தான்.”

உடையப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கால் ஆறும்வரை அவனை ஊருக்கு அனுப்பிவிடாமல் வைத்துக்கொள்ளும்படி கலீல் கம்பெனியில் மல்லுக்கு நின்றான். கோளாறு எப்படி வந்தது, யாருக்கு முன்பே தெரியும் என்று யோகநாதனும் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதம் வங்கிக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த வருடம் அவருக்குக் கிடைக்கவிருந்த மேலாளர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. உடையப்பன் நவம்பரில் லேசான நொண்டலோடு வேலைக்குத் திரும்பினான், டேப்களை அடுக்கும் உள்வேலைக்கு.

செப்டம்பர் கூட்டத்தில் நாற்பது பேருக்கு முன்னால் நின்று யோகநாதன் நடந்ததைச் சொல்லிவிட்டுத் தலைமையை விட்டு இறங்கினார். ஷார்ஜாக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. இரண்டு மாதம் குழு கூடவே இல்லை. பிறகு எல்லோருமாகக் கேட்டதில் கலீல் பொறுப்பை ஏற்றான். முதல் வேலையாக விதியை மாற்றினான். இனி பட்டியலை இரண்டு பேர் தனித்தனியாக அழைக்க வேண்டும். அதைப் படித்தபோது அவன் யோகநாதன் பக்கம் பார்க்கவில்லை. யோகநாதன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். வராமல் இருந்துவிடலாம் என்று ஒவ்வொரு மாதமும் தோன்றும். குமுதினிதான், “போங்கோ. போய் இருங்கோ” என்று அனுப்பிவைப்பாள்.

கலீல் கையில் குழு வளர்ந்தது. 1988இல் பஹ்ரைனில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் முதல் வளைகுடாக் கூட்டம் நடந்தது. தம்மாமிலிருந்தும் குவைத்திலிருந்தும் ஆட்கள் வந்து இருநூறு பேர் கூடினார்கள். கலீல் ஒரு மணி நேரம் பேசினான். முடிந்ததும் மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். யோகநாதனுக்குள் அந்தப் பழைய பொறாமை எட்டிப் பார்த்தது. போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தார், போகவில்லை.

கேள்வி நேரம் வந்ததும் அவர் கையைத் தூக்கினார். வங்கியில் ஒரு மாதமாக அவரைத் திணறடித்துக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை, எனக்கு இது விளங்கவில்லை என்று சொல்லிக் கேட்டார். கலீல் அவரை ஒரு கணம் பார்த்தான். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி இரண்டு நிமிடத்தில் விடையைப் போட்டான். விடை சரி. யோகநாதன் குனிந்து அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.