பேண்ட் பைக்குள் ஒரு போல்ட்

என் மைத்துனர் ஆசையாகக் கட்டிய கேரவனை, குடும்பத்திலேயே நான்தான் நன்றாக ஓட்டுகிறேன் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு அது. கார் பிரேக் பிடித்தால் கேரவன் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலில் கொக்கியின் தண்டு உள்ளே போய்க் கேரவனின் பிரேக்கைப் பிடிக்கும். தண்டு முரட்டுத்தனமாகப் பாயாமல் இருக்க ஒரு டேம்பர் உண்டு, ஸ்கூட்டர் ஷாக் அப்சார்பருக்குத் தம்பி மாதிரி. அது செத்துப்போய், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முதுகில் 'டங்' என்று இடி விழுந்துகொண்டிருந்தது.

வள்ளியூர் மெக்கானிக் ஒருவர் அதை மாற்றிக் கொடுத்தார். இடி நின்றது. மைத்துனர் ஊரெல்லாம் அவர் கையைப் புகழ்ந்தார். கேரவன் வைத்திருக்கும் நண்பர்கள் இரண்டு பேரை அவரிடமே அனுப்புவதாகவும் சொல்லியிருந்தார்.

ஒரே ஒரு சங்கடம். ரிவர்ஸ் எடுத்தாலும் அதே தள்ளல்தான், பிரேக் பிடித்துக்கொள்ளும். அதற்காகத் தண்டு உள்ளே போகாதபடி அதன் துளையில் ஒரு போல்ட்டைச் செருகி, ரிவர்ஸ் முடிந்ததும் மறக்காமல் உருவிவிட வேண்டும். மெக்கானிக் இதை என்னிடம் இரண்டு முறை சொன்னார். 'ஒரு தடவை சொன்னா விளங்காதா' என்று முப்பது வருடம் வாத்தியாராக வகுப்பில் கேட்டுப் பழகியவன் நான். இரண்டாவது முறை சொன்னதை அவமானமாக எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மணிமுத்தாறு அணைப் பக்கம், இரண்டு மரங்களுக்கு நடுவே கேரவனை ரிவர்ஸில் சொருகி நிறுத்தினேன். மைத்துனர் கைதட்டினார். புளியோதரை சாப்பிட்டோம், கிளம்பினோம்.

நாங்குநேரிக்குக் கொஞ்சம் முன்னால் சாலையில் ஆடுகள். பிரேக்கை மிதித்தேன். கார் கேட்டது, கேரவன் கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒரு யானை முட்டித் தள்ளுவதுபோல் எங்களைத் தள்ளிக்கொண்டே போய், ஓரத்து உடைமுள் மரத்தில் சாய்த்து நிறுத்தியது. எங்களுக்கும் ஒன்றுமில்லை, ஆடுகளுக்கும் ஒன்றுமில்லை. மைத்துனர் மெக்கானிக்குக்குப் போன் போட்டு, காது கூசும்படி ஏசினார்.

அவர் ஏசிக்கொண்டிருக்கும்போதே நான் இறங்கிப் போய்க் கொக்கியைப் பார்த்தேன். துளையில் போல்ட், வைத்தது வைத்தபடி இருந்தது. யோசிக்கவே இல்லை. உருவிப் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வேகமாகச் செய்த வேலை வேறு கிடையாது.

அரை மணி நேரத்தில் மெக்கானிக் பைக்கில் வந்து சேர்ந்தார். தண்டைக் கையால் அழுத்தினார்; பைய உள்ளே போய், பைய வெளியே வந்தது. டேம்பர் சரி. கேபிளை இழுத்துப் பார்த்தார். சக்கரங்களைக் கழற்றி, வெயிலில் மல்லாந்து படுத்து, பிரேக் கட்டைகளைத் தடவிப் பார்த்தார். எல்லாம் சரி. ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் சாக்கில் நான் பக்கத்திலேயே நின்றேன். போல்ட்டின் கிரீஸ் தொடையில் ஈரமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"இனிமே உம்ம கை என் வண்டில படக்கூடாதுவே. அந்த ரெண்டு பேர்ட்டயும் சொல்லிருதேன்" என்றார் மைத்துனர், மெக்கானிக்கிடம். சொல்லிவிட்டு எதிரே இருந்த டீக்கடைக்குப் போய்விட்டார்.

மெக்கானிக் எழுந்து உட்கார்ந்து கையைத் துடைத்தார். "பிள்ளைக்குக் காய்ச்சல் அண்ணாச்சி, வண்டி எங்கிட்ட நின்ன ரெண்டு நாளும் தூக்கமே இல்ல. எங்கயோ கோட்டை விட்டிருக்கேன். எங்கன்னுதான் தெரியல."

செய்யாத தப்பை அவர் தனக்குள்ளே தேடிக்கொண்டிருந்தார். செய்த தப்பு என் பைக்குள் இருந்தது. எடுத்து நீட்டினேன். எங்கே இருந்தது, எப்போது உருவினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும், பெரிய மனிதனாகிவிட்டதுபோல் ஒரு நிம்மதிகூட வந்தது, வெட்கமில்லாமல்.

அவர் போல்ட்டைப் பார்த்தார். என் பேண்ட்டில் இருந்த கறையையும் பார்த்தார்.

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? நான் செய்யலன்னு இப்ப எனக்குத் தெரியும். அங்கன போய்ச் சொல்லுங்க."

சாலையைக் கடக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. அத்தனைக்கும் ஒரு வண்டிகூட வரவில்லை. மைத்துனரிடம் சொன்னேன். சிரிப்பார், காலமெல்லாம் கல்யாண வீடுகளில் சொல்லிக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருக்கலாம்.

"அவர் அவ்ளோ நேரமும் வண்டிக்கு அடியில கெடந்தாரே அத்தான். பாத்துக்கிட்டா நின்னீங்க?"

பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, மெக்கானிக்கிடம் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. மைத்துனர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்து, கழற்றிய சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தார். மெக்கானிக் நட்டுகளை முடுக்கினார். நானும் போய்ச் சக்கரத்தின் இன்னொரு பக்கத்தைப் பிடித்தேன். இரண்டு பேருமே என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை; பிடியுங்கள் என்றும் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்ததும் மெக்கானிக் போல்ட்டின் தலையில் ஒரு முழம் சிவப்புத் துணியைக் கட்டி, காரோட்டும்போது கண்ணாடியில் தெரியும், தெரிந்தால் இறங்கி உருவிவிட வேண்டும் என்று மூன்றாவது முறையாக விளக்கினார். நான் முதல் முறையாகக் கேட்டேன். பிறகு போல்ட்டை மைத்துனர் கையில் கொடுத்தார். கார் சாவியும் அவரிடம்தான் இருந்தது.