பெயரில்லாத கட்டுரையில் நைனாவின் கைகள்

எதிரே யாராவது வந்தால் போதும், குமாரசுவாமியின் கைகள் தாமாகவே தோள்துண்டுக்குள் போய்விடும். சுப்ரஜா சின்ன வயதிலிருந்தே பார்த்துவரும் பழக்கம் அது.

திருத்தணி கல்யாண மண்டபங்களில் சமையல் செய்தவர் அவள் அப்பா, அவள் வாயில் நைனா. அண்டா இறக்க யாரோ கொடுத்த ரப்பர் கையுறையைப் போட்டுப்போட்டு இரண்டு கைகளும் திட்டுத்திட்டாக வெளுத்துவிட்டன. ரப்பரில் கலந்த ரசாயனம்தான் காரணம், யாருக்கும் ஒட்டாது என்றார் சென்னையில் ஒரு டாக்டரம்மா. கைகளைப் படமெடுத்து வெளிநாட்டு மருத்துவ இதழில் கட்டுரையும் எழுதினார். ஊர் அதைக் கேட்கவில்லை, குஷ்டம் என்றது. சமையல் ஆர்டர் பிடிக்கும் வீரபத்திரன் அவரைக் கூப்பிடுவதையே நிறுத்தினான். அதன்பின் மண்டபத்துக்கு வெளியே விறகு பிளக்கும் வேலைதான்.

கல்லூரியில் சேர்ந்ததும் சுப்ரஜா அந்தக் கட்டுரையைத் தேடினாள். ஸ்டேஷன் பக்கம் உபைத்தின் நெட் சென்டரில் தலைப்பும் நாலு வரிச் சுருக்கமும் கிடைத்தன. மீதியைப் படிக்க டாலரில் பணம் கேட்டது திரை. குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள், பெற்றவரின் கையைப் பற்றி எழுதியதைப் படிக்க முடியாவிட்டால் இது என்ன படிப்பு என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆனாலும் தேடுவதை விடவில்லை.

ஒருநாள் அந்தப் பக்கத்தில் புதிய அறிவிப்பு இருந்தது. பழைய இதழ்கள் எல்லாம் இனி இணையத்தில், எல்லோருக்கும் இலவசம். சுப்ரஜா மண்டபத்துக்கு ஓடினாள்.

"நைனா, கோடாலியைப் போட்டுட்டு வா! உன் கட்டுரையைத் தொறந்துட்டாங்க!"

உபைத்தின் கடைத் திரையில் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"இன்னாப்பா, எறும்பாட்டம் வந்துகினு கீது" என்று தவித்தார் குமாரசுவாமி.

மணிக்கட்டு வந்தது, வெளுத்த திட்டுகள் வந்தன, கடைசியில் கோணலான இடது சுண்டுவிரல்.

"ஆங்! என் வெரலு!"

'இது தொற்றாது, இவர் தொடர்ந்து சமைக்கலாம்' என்ற வரியைச் சுப்ரஜா இரண்டு தடவை தமிழில் சொன்னாள். அவர் திரையை மேலும் கீழும் பார்த்தார்.

"என் பேர் எங்க?"

"நோயாளி பேரைப் போடமாட்டாங்க நைனா. நாற்பத்தொரு வயது சமையல்காரர்னு இருக்குது."

"போச்சு. எவனோ ஒருத்தன்னு சொல்லிட்டுப் போவான் வீரபத்திரன்."

உபைத் சிரித்தான்.

"பேர் எதுக்குண்ணே? அந்தக் கோண வெரலு போதாதா? கையை மறைச்சுகினே நின்னா எவன் நம்புவான்?"

கலரில் அச்செடுத்துக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. "கவுசர் நிக்காவுக்கு உங்க கையால கேசரி கிளறிக் குடுங்க, போதும்" என்றான். கவுசர் அவன் தங்கை. அந்தக் கைச்சமையலை யாராவது கேட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது.

சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் அந்தத் தாளை விரித்து, பக்கத்திலேயே இரண்டு கைகளையும் வைத்தார். கூட்டம் குனிந்தது.

"டேய், அதே வெரலுடா!"

கூட்டத்தில் நின்ற வீரபத்திரன் தாளைப் பார்த்தான், விரலைப் பார்த்தான். "நெஜமாவே ஒட்டாதா?"

"என் பொண்ணு தெனம் என் கையால துன்றாளே, அவளுக்கு ஒட்டிச்சா?"

வீரபத்திரன் தலையைச் சொறிந்தான். "தையில ஒரு முகூர்த்தம் கீது. வந்து சாம்பார் வெய்யி."

அந்தச் சாம்பாருக்குப் பிறகு குமாரசுவாமிக்கு ஓய்வில்லை. கவுசரின் நிக்கா நாளன்று கே.ஜி.கண்டிகையில் ஒரு ரிசப்ஷனில் மாட்டிக்கொண்டார். உபைத் கடைசிவரை வழி பார்த்துவிட்டுக் கடையில் இனிப்பு வாங்கினான். இப்போது கவுசரின் மகன் நடக்கிறான். "கேசரி இன்னாச்சுண்ணே?" என்று ஸ்டேஷன் வாசலில் உபைத் கேட்கும்போதெல்லாம், "அடுத்த வாரம் கண்டிப்பா" என்கிறார் குமாரசுவாமி. இன்னும் கிளறவில்லை.