பட்டியலில் என் பெயர்

சில வருடங்களுக்கு முன், ஒரு ஆடி மாத மத்தியானம், திருவொற்றியூர் கடலோரத்தில் எங்கள் குப்பத்தில் நடந்தது இது.

சுனாமி வந்தால் எச்சரிக்க எங்கள் குப்பத்தில் சைரன் வைத்திருந்தார்கள். அது ஊதினால் நடக்க முடியாதவர்களை யார் தூக்கிப் போவது என்று பட்டியலும் போட்டோம். பக்கத்து வீட்டு அக்காவை நானே கை தூக்கி ஏற்றுக்கொண்டேன். மீன் விற்றவர். சர்க்கரையால் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். தனி ஆள்.

ஒத்திகை அன்று அவரை முதுகில் சுமந்து ரோடு வரை ஓடினேன்.

“மெதுவா நைனா! ஐஸ் பொட்டின்னு நெனச்சிகினியா?” என்றார்.

“ஐஸ் பொட்டி இவ்ளோ பேசாது அக்கா” என்றேன். குப்பமே சிரித்தது.

அந்த மத்தியானம் சைரன் நிஜமாகவே ஊதியது. கடலுக்கடியில் நிலநடுக்கம், எல்லோரும் கிளம்புங்கள் என்று மைக்கில் சொன்னார்கள். மனைவி, பிள்ளைகளை ரோட்டுக்கு அனுப்பிவிட்டு அக்கா வீட்டுப் பக்கம் திரும்பினேன். அப்போது நாலைந்து பேர் கரையில் கிடந்த படகுகளைப் பார்த்து ஓடினார்கள்.

“எஞ்சின கழட்டு மாமு! அது பூட்சின்னா சோத்துக்கு இன்னா பண்ணுவ?” என்று ஒருவன் கத்தினான்.

முன்பு வந்த சுனாமியில் என் அப்பாவின் படகு எஞ்சின் போனது. அதன் பிறகு வீடு பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம்தானே என்று நானும் ஓடினேன்.

எஞ்சினைக் கழற்றி, இரண்டு பேராகத் தூக்கி, ரோட்டில் இறக்கிய பிறகுதான் அக்கா நினைவு வந்தது. அதற்குள் போலீஸ்காரர்கள் குப்பத்துக்குப் போகும் வழியில் குறுக்கே கயிறு கட்டிவிட்டார்கள். கெஞ்சினேன். உள்ளே விடவில்லை.

அலை வரவில்லை. சாயங்காலம்தான் விட்டார்கள்.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை. ரேஷன் கார்டு, மாத்திரை, ஒரு புடவை. ஒத்திகையில் சொல்லிக் கொடுத்தபடியே எடுத்து வைத்திருந்தார். தவழ்ந்து வந்ததில் முழங்கை உரிந்திருந்தது.

“கடலாண்ட ஓடுன, பாத்தேன். எஞ்சின் பத்தரமா கீதா நைனா?” என்றார்.

திட்டவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் கேலியாகவும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனார். பாடைக்குத் தோள் கொடுத்தேன். கனமே இல்லை.

இப்போது பட்டியலில் என் பெயருக்கு நேரே வேறு ஒரு பெரியவர் பெயர் இருக்கிறது. அவர் என்னை நம்பிக்கொண்டிருக்கிறார். சோதனைக்குச் சைரன் ஊதும்போதெல்லாம் என் கால் இன்னமும் முதலில் கடல் பக்கம்தான் திரும்புகிறது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.